கதவை மூடுமுன் போர்வையைத் தூக்கிப் பாருங்கள்

மும்பையில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளின் டாக்டர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் அப்பா தாராவியில் தோல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சர்க்கரையால் காலில் வந்த புண், ஒரு விரலை எடுத்த பிறகும் ஆறவில்லை. அதனால் உங்களைப் போன்ற ஒரு மையத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடி போலத் தெரியும் குழாய்க்குள் படுக்கவைத்து, 2.4 மடங்கு காற்றழுத்தத்தில் 90 நிமிடம் சுத்தமான ஆக்சிஜன். பன்னிரண்டாவது சிட்டிங்கில் புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாகத் தெரிந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன். இந்தச் சிகிச்சையை நான் நம்புகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது இது. அப்பாவின் புண்ணில் பஞ்சு வைத்து ஒட்டி, நீரை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் மெஷின் போட்டிருந்தார்கள். கைப்பை அளவுதான், பேட்டரியில் ஓடும். தினமும் அதை வெளியிலேயே கழற்றி, குழாயை அடைக்காமல் அதன் நுனியைக் காஸ் துணியால் மூடி, கட்டின் மேல் ஈரத் துணி சுற்றித்தான் உள்ளே அனுப்புவார்கள். அன்றைக்குத் தள்ளிக்கொண்டு போனவர் புதியவர். மெஷின் போர்வைக்குள் அப்பாவின் கால்களுக்கு நடுவே கிடந்தது. கதவை மூடப் போன நேரத்தில், துணிக்கு அடியில் மின்னிய சின்னப் பச்சை விளக்கை ஒரு சிஸ்டர் பார்த்துவிட்டார். "ருகோ!" (நிறுத்து!) என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் சத்தம் போட்டபோது, "உள்ளே ஏதாவது இருக்கான்னு அவரிடம் கேட்டோமே, இல்லைன்னு தலையாட்டினாரே" என்றார்கள். கேட்டது உண்மைதான். ஆனால் காது மெஷினைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகு கேட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது இல்லாமல் எதுவும் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்தால் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அந்தக் குழாய்க்குள் முழுக்க ஆக்சிஜன், அதுவும் 2.4 மடங்கு அழுத்தத்தில்; அதனால் ஆக்சிஜனின் அழுத்தம் வெளியில் இருப்பதைப் போல 11 மடங்குக்கும் மேல். வெளியே அணைந்துபோகும் பொறி அங்கே ஆளையே எரித்துவிடும். 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலானில் அழுத்த அறை ஒன்றில் 11 பேர் இறந்தார்கள். ஒரு நோயாளி கொண்டுபோன கையைச் சூடாக்கும் சாதனம்தான் காரணம் என்றார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் இப்படி ஓர் அறைக்குள் ஐந்து வயதுக் குழந்தை தீயில் போனது.

நெருப்பு மட்டும் இல்லை. காற்று அடைபட்ட எதுவும் அந்த அழுத்தத்தில் பாதிக்கும் கீழே சுருங்கி, அழுத்தம் குறையும்போது திரும்ப விரியும். மூச்சுக்குழாய் டியூபின் பலூனில் காற்றுக்குப் பதில் சலைன் நிரப்புவது இதனால்தான். பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப் எல்லாம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தயாரித்தவர்தான் சொல்ல முடியும். வார்டில் ஒழுங்காக ஓடுகிறது, அரசு உரிமம் இருக்கிறது என்பது இங்கே போதாது. அழுத்த அறைக்குள் கொண்டுபோகலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். அப்படி எழுத்து இல்லாத கருவி வெளியிலேயே இருக்கட்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். காது மெஷினைக் கழற்றுவதற்கு முன்னால் கேளுங்கள், நோயாளிக்குப் புரியும் மொழியில். தமிழ் தெரிந்தவர் இல்லையா, படம் போட்ட அட்டையைக் காட்டுங்கள்: பேட்டரி, போன், தலைக்கு வைத்த எண்ணெய், நைலான் துணி. பதிலை மட்டும் நம்பாமல் போர்வையைத் தூக்கிப் பாருங்கள், பத்தாவது நாளாக வருகிறவருக்கும். அப்புறம், இப்படித் தப்பிய சம்பவங்களையும் எழுதி வையுங்கள். அன்றைக்கு நடந்தது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

அப்பாவுக்கு இன்னும் எட்டு சிட்டிங் பாக்கி. திங்கட்கிழமை காலை வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்
சயான் கோலிவாடா, மும்பை