பூங்காவில் மிதிவண்டிக்கு இடம் தந்தோர்க்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

மதுரையில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவில் மிதிவண்டி நிறுத்துமிடமும், அதன் எதிரே ஓட்டி வருவோர் இளைப்பாறுவதற்கான இருக்கைகளும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. இதற்குத் துணைநின்ற அனைவருக்கும் குடியிருப்போர் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவியருக்கே இதில் முதல் நன்றி உரியது. முன்சக்கரத்தைக் கம்பிகளுக்கு இடையே செருகி நிறுத்தும் வகைதான் தொடக்கத்தில் வரைபடத்தில் இருந்தது. அரசு வழங்கிய தங்கள் விலையில்லா மிதிவண்டிகளைக் கொண்டுவந்து, முன்கூடை பக்கத்து வண்டியில் இடிப்பதையும், வண்டி சாய்ந்தால் பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கி ரிம் கோணிப்போவதையும், சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதி வண்டியைத் தூக்கிச் சென்றுவிடலாம் என்பதையும் அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். அதன் பிறகே, வண்டியின் பிரேமைச் சாய்த்துப் பூட்டத்தக்க, தலைகீழ் 'ப' வடிவக் குழாய்கள் முடிவாயின.

அக்குழாய்களைச் செய்து தந்த வெல்டிங் பட்டறைப் பெரியவர் காட்டிய அக்கறையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 75 செ.மீ. உயரத்தில் ஒன்றை மட்டும் மாதிரிக்கு நட்டு, கேன்கள் தொங்கும் பால்காரரின் வண்டியையும் ஒரு சிறுவனின் குட்டி சைக்கிளையும் அதில் சாய்த்துப் பார்த்தார். சிறுவனின் வண்டி மேற்குழாய்க்குக் கீழே நழுவியதைக் கண்டு, தாழ்வாக ஒரு குறுக்குக் குழாயைத் தாமாகவே சேர்த்துப் பற்றவைத்தார். கேன்கள் உரசாதபடி குழாய்களுக்கு இடையே ஒரு மீட்டர் விடச் சொன்னவரும் அவரே.

யார் கண்ணிலும் படாத பின்மூலையில் நிறுத்துமிடம் அமைந்தால் எவரும் வண்டியை நம்பி விட்டுச் செல்லமாட்டார்கள் என்ற எங்கள் வேண்டுகோளை ஏற்று, அதை நுழைவாயில் அருகே மாற்றித் தந்த மாநகராட்சிப் பொறியாளருக்கும் நன்றி. இருக்கையில் அமர்ந்தபடியே வண்டியைப் பார்க்க முடிகிறது. மூட்டுவலியோடும் அன்றாடம் மிதிவண்டி ஓட்டும் முதியவர்கள் கேட்டுக்கொண்டபடி, கையூன்றி எழுவதற்குக் கைப்பிடியும் உண்டு.

மேற்கு வெயிலை மறைக்கும் புங்க மரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசவே கூடாது என்று உறுதியாக நின்ற தோட்டப் பணியாளர் அக்காவுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். இயந்திரம் வேண்டாம் என்று கடப்பாரையால் குழிதோண்டச் செய்து, வேர் தென்பட்ட இடத்தில் குழியையே தள்ளிப் போட வைத்தார். அந்த நிழல் இல்லையென்றால் பங்குனி, சித்திரையில் அங்கே எவரும் உட்கார முடியாது.

காற்றடிக்கும் பம்பை அன்பளிப்பாக வழங்கி, வாஷர் தேய்ந்தால் மாற்றித் தரவும் முன்வந்துள்ள சைக்கிள் கடைக்காரருக்கும், குடிநீர்க் குழாய்க்குச் செலவு செய்த வணிகர்களுக்கும் நன்றி.

நிறுத்துமிடத்துக்கு மேலே ஒரு விளக்கு மட்டும் வரவேண்டியுள்ளது. டியூஷன் முடிந்து இருட்டிய பின் வண்டி எடுக்க வரும் பிள்ளைகளுக்காக அதை விரைவில் பொருத்தித் தருவதாக உறுதியளித்துள்ள மாமன்ற உறுப்பினருக்கு எங்கள் நன்றியை இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பாக,
பூங்காவுக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வரும் ஒருவர்