புனலூர் வண்டியில் வந்த சேச்சிக்கு

ஞாயிற்றுக்கிழமை புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் வந்தோம். மடியில் சின்னவள் அழுகை, தோளில் அம்மா கட்டிக்கொடுத்த ஏத்தங்காய் உப்பேரிப் பை, பெரியவனுக்கோ அப்போதுதான் பாத்ரூம் அவசரம்.

எதிர் சீட்டில் இருந்த நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "இங்கு தா மோளே" என்று குழந்தையை வாங்கிக்கொண்டீர்கள். திரும்பி வந்தால் உங்கள் தோளில் தூங்குகிறாள்! (என்னிடம் அப்படி ஒருநாளும் தூங்கியதில்லை.)

கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தின் மேல் வண்டி போகையில், 1904இல் ரயில் விட்ட பாதை இது என்று பெரியவனுக்குக் கதை சொன்னீர்கள். நான் அந்த நேரத்தில் ஒரு டீயைச் சூடாகவே குடித்தேன். எத்தனை நாளாச்சு!

ஆரியங்காவில் இறங்கிவிட்டீர்கள். பேர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி சேச்சி. பெரியவன் அந்தப் பாலத்தைச் சுவரில் வரைந்திருக்கிறான். பதினாலு கண் இருக்கிறது.