"ஓடுகிறது" என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள நண்பா,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் பார்த்தேன், சந்தோஷம். பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மீசைக்காரருக்கும் ஒரு கடிதம் பாக்கி, அடுத்தது அவருக்குத்தான்.

உன் கடைசி வரி ஒன்றுதான் இதை எழுத உட்கார வைத்தது. "எக்ஸ்பியில் கம்பைல் ஆகிவிட்டது, ஓடுகிறது, வேலை முடிந்தது." ஓடுவதில் எனக்கும் மகிழ்ச்சி. முடிந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. திரையில் ஏதாவது தெரிந்ததும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிடும் பழக்கம் உன்னைவிட்டு இன்னும் போகவில்லை!

பழைய விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிடு என்று சொல்லப்போவதில்லை. அந்த அளவைக் கருவியைக் கணினியோடு இணைக்கும் அட்டைக்கு எக்ஸ்பிக்குப் பிந்தைய விண்டோஸில் டிரைவரே கிடையாது என்னும்போது அந்தப் பேச்சே வீண். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்தியதும் உனக்குத் தெரியும். என் கவலை வேறு. புது ஓப்பன் சோர்ஸ் நிரலைப் பழைய ஓஎஸ்ஸுக்குக் கொண்டுபோகும்போது, கத்துகிற பிழைகளை நாம் எப்படியும் பிடித்துவிடுகிறோம். சத்தமே போடாமல் தப்பாக வேலை செய்பவை பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். உன்னுடையது அளவுகளைப் பதிவுசெய்யும் நிரல். அது நின்றுபோனால் யாராவது கவனிப்பார்கள். தப்பான எண்ணை எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலில், கம்பைல் ஆன நிரல் ஃபைலின் (பைனரி) பைட்டுகளை ஹெக்ஸ் எடிட்டரில் நேரடியாகத் திருத்தினாயே, அந்த வேலை. பைனரியின் தலைப்பில், எந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று சொல்லும் சப்சிஸ்டம் எண் 6.0 என்றிருந்தால், நிரலை நினைவகத்தில் ஏற்றும் எக்ஸ்பி லோடர் "நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்" என்று வாசலிலேயே நிறுத்திவிடும். அதை 5.01 ஆக்கினால் வாசல் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே கூப்பிடும் ஃபங்ஷன்கள் அப்படியேதான் இருக்கும். கட்டி முடித்த பைனரியில் கைவைக்காதே, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரிடமே 5.01 என்று சொல். பிறகு, பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பை "பி" ஆப்ஷனோடு ஓட்டி, ஒவ்வொரு டிஎல்எல்லில் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலக ஃபைல்) இருந்தும் என்னென்ன பெயர்கள் கேட்கப்படுகின்றன என்ற பட்டியலை எடு. கெட்டிக்கவுண்ட்64, ஸ்லீப்கண்டிஷன்வேரியபிள், எஸ்ஆர்டபிள்யூ லாக்குகள், இனிட்ஒன்ஸ், கேன்சல்ஐஓஎக்ஸ், ஐநெட்பிடான் எல்லாம் எக்ஸ்பிக்கு அடுத்த விஸ்டாவில் வந்தவை. பட்டியலில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்பியில் நிரல் எழுந்திருக்காது.

உன் நிரல் எழுந்துவிட்டதால் பட்டியல் சுத்தமாக இருக்கலாம், அதுவே போதும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஓடும்போது கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் தேடிப்பிடிக்கும் பெயர்கள் அதில் வராது. சோர்ஸ் முழுவதும் அந்தச் சொல்லைத் தேடு. ஒவ்வொரு இடத்திலும், பெயர் கிடைக்காதபோது நிரல் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படி. சில இடங்களில் ஒழுங்கான மாற்றுவழி இருக்கும். சில இடங்களில் "கிடைக்கவில்லையா, சரி, வெற்றி என்று திருப்பி அனுப்பு" என்று எழுதிவைத்திருப்பார்கள்.

எந்தெந்த ஃபங்ஷன்கள் உண்டு என்று அறிவிக்கும் ஹெடர் ஃபைல்களுக்கு விண்டோஸ் பதிப்பு ஹெக்ஸ் 0501 என்று நீ கொடுத்தது சரிதான். ஆனால் சில சோர்ஸ் ஃபைல்கள் முதல் வரியிலேயே அதை அழித்து 0600 என்று தாமே வைத்துக்கொள்ளும். அதையும் தேடிப் பார். அறிவிப்பு இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே ஆக்கிவிடு. இல்லாவிட்டால் சி கம்பைலர் அது ஒரு இன்ட்டை (முழு எண்) திருப்பித் தரும் என்று தானே அனுமானித்துக்கொள்ளும். விண்டோஸுக்கான இலவசக் கம்பைலர் தொகுப்பான மிங்டபிள்யூவின் இம்போர்ட் லைப்ரரியில் புதிய பெயர்களும் இருப்பதால் லிங்கர் எதிர்ப்புச் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய லாகில் (நிரல் எழுதும் பதிவு ஃபைல்) ஐந்து நாளும் பிழைகள் பூஜ்யம். சீரியல் கம்பியில் ஐந்து நாள் ஒரு பிழைகூட வராமலா இருக்கும்? அந்த வரியை எழுதும் ப்ரிண்ட்எஃப் என்ற அச்சிடும் ஃபங்ஷனைப் பார். பெற்ற பைட்டுகளுக்கு 64 பிட் எண்ணுக்கான "%எல்எல்டி", அதற்கு அடுத்து பிழை எண்ணிக்கைக்கு 32 பிட் எண்ணுக்கான "%டி" என்று இருக்கிறதா? எக்ஸ்பியோடு வரும் சி நூலகமான எம்எஸ்விசிஆர்டி டிஎல்எல்லுக்கு இரட்டை எல் புரியாது. விஸ்டாவிலிருந்துதான் புரியும். எக்ஸ்பி அதை ஒற்றை எல்லாக எடுத்துக்கொண்டு, 64 பிட் எண்ணின் கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டும் அச்சிடும். மேல்பாதி ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் அப்படியே கிடக்க, அடுத்த "%டி" அதை எடுத்துக்கொள்ளும். பைட் எண்ணிக்கை 4 ஜிபியைத் தாண்டும்வரை மேல்பாதி பூஜ்யம்தான். அதாவது உண்மையில் நாற்பது பிழை வந்திருந்தாலும் உன் லாக் பூஜ்யம் என்றுதான் சொல்லும். உன் புது லேப்டாப்பில் இதே பைனரி சரியான எண்ணைக் காட்டும் என்பதால் அங்கே சோதித்து ஒரு பயனும் இல்லை.

மருந்து எளிது. மிங்டபிள்யூவில் யூஸ்-மிங்டபிள்யூ-ஆன்சி-எஸ்டிடிஐஓ மேக்ரோவை 1 என்று வைத்து எல்லா ஃபைல்களையும் முதலிலிருந்து கம்பைல் செய். அப்போது மிங்டபிள்யூ தன்னுடைய ப்ரிண்ட்எஃப்பையே பயன்படுத்தும். சில ஃபைல்களுக்கு மட்டும் வைத்து மற்றதை விட்டுவிடாதே. பிறகு 5000000000 என்ற எண்ணையும் அதற்குப் பக்கத்தில் 7 என்பதையும் ஒரே வரியில் அச்சிடும் சின்ன நிரல் ஒன்றை எழுதி எக்ஸ்பியில் ஓட்டிப் பார். இரண்டும் அப்படியே வந்தால்தான் மேலே போக வேண்டும். பழைய ஐந்து நாள் லாகைத் தூக்கிப் போடு, அதில் பிழை எண்ணிக்கை என்று இருப்பது பிழை எண்ணிக்கையே அல்ல.

தமிழ்ப் பெயர் வைத்த லாக் ஃபைல் "à®" போல வரும் குப்பையாகிவிட்டது என்றும் கேட்டிருந்தாய். இதுவும் சத்தம் போடாத ரகம். அந்த நிரலோடு வரும் அமைப்புக் குறிப்பான மேனிஃபெஸ்டில் ஆக்டிவ் கோட் பேஜ் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் அதற்கு அர்த்தம் உண்டு. எக்ஸ்பி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். பிறகு, ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பனுக்குப் போகும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியின் மூன்று பைட்டும் மூன்று லத்தீன் குறிகளாகிவிடும். அதே நிரல் அதே தப்பான பெயரில் திரும்பத் திறப்பதால் அதற்குப் பிழையே தெரியாது. எஸ்க்யூலைட் தரவுத்தள ஃபைலின் பெயர் மட்டும் ஏன் சரியாக இருக்கிறது என்றாயே, எஸ்க்யூலைட் யூடிஎஃப்-8ஐ வாங்கித் தானே விண்டோஸின் 16 பிட் அகல எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. நீயும் அதைத்தான் செய்ய வேண்டும்: மல்டிபைட்-டு-வைட்சார் வழியாக மாற்றி டபிள்யூஎஃப்ஓப்பனைக் கூப்பிடு. எதிர்த்திசையில் மாற்றும்போது செல்லாத குறிகளைப் பிழையாக்கும் கொடியைப் போடாதே. அதுவும் விஸ்டாவில் வந்தது, எக்ஸ்பியில் அந்த அழைப்பே தோற்கும். எக்ஸ்ப்ளோரரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு கதை. ரீஜனல் ஆப்ஷன்ஸில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் ஆதரவை நிறுவினால் லதா எழுத்துருவில் ஒழுங்காக வரும்.

அடுத்து, மைக்ரோசாஃப்டின் விசுவல் ஸ்டுடியோ 2017 கம்பைலரில் நீ கட்டிய அந்த ப்ளக்இன் டிஎல்எல். எக்ஸ்பி டூல்செட்டைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஆனால் நிரல் ஓடும்போது நடுவில் அதை லோட்லைப்ரரியால் ஏற்றுகிறாய். எக்ஸ்பியில் அப்படி நடுவில் ஏறும் டிஎல்எல்லுக்குக் கம்பைலரின் த்ரெட் லோக்கல் மாறிகளுக்கான (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியாக இருப்பவை) இடத்தை லோடர் ஒதுக்காது. டிஎல்எல்லின் குறியீட்டு எண் பூஜ்யமாகவே நிற்கும். பூஜ்யமாவது இடம் பிரதான நிரலுடையதாக இருந்தால் ப்ளக்இன் போய் அங்கே எழுதும். "நான் த்ரெட் லோக்கலே பயன்படுத்தவில்லை" என்பாய். ஃபங்ஷனுக்குள் ஸ்டேட்டிக் மாறி வைத்திருக்கிறாய் அல்லவா? விசுவல் ஸ்டுடியோ 2015இலிருந்து அவற்றின் முதல் துவக்கத்தைப் பாதுகாக்க கம்பைலர் மறைவாக த்ரெட் லோக்கலைத்தான் பயன்படுத்துகிறது. த்ரெட்சேஃப்இனிட் ஆப்ஷனைக் கழித்தல் குறியோடு கொடுத்து அணைத்துவிடு. அணைத்த பிறகு அந்த ஸ்டேட்டிக்குகளை த்ரெட்கள் தொடங்கும் முன்பே ஒருமுறை தொட்டுவிட வேண்டும், பாதுகாப்பு போய்விட்டதே. உனக்கே த்ரெட் லோக்கல் தேவைப்பட்டால் டிஎல்எஸ்அல்லாக் இருக்கிறது. இன்னொன்று, 2012இலிருந்து அந்தக் கம்பைலர் எஸ்எஸ்இ2 கட்டளைகளைத் தானாகவே போடுகிறது. கருவியோடு இருப்பது பென்டியம் 3 என்றால் அங்கே அவை இல்லை, சி000001டி என்று செத்துவிழும். ஆர்க் ஆப்ஷனில் ஐஏ32 கொடு.

கெட்டிக்கவுண்ட்64க்குப் பதிலாகப் பழைய கெட்டிக்கவுண்ட்டை வைத்தேன் என்கிறாய். அது 32 பிட் மில்லி விநாடி, 49.7 நாளில் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். "இப்போது கெடுவைத் தாண்டிவிட்டதா" என்று ஒப்பிடும் வரி எல்லாம் அன்றைக்குக் குழம்பும். இப்போதிலிருந்து தொடக்கத்தைக் குறியற்ற 32 பிட்டில் கழித்து, வந்த வித்தியாசத்தைக் கால அளவோடு ஒப்பிடு, சுற்றினாலும் சரியாக வரும். சோதிக்க ஐம்பது நாள் காத்திருக்காதே. உன் மாற்று ஃபங்ஷனில் ஒரு நிலையான எண்ணைக் கூட்டி, தொடங்கிய ஒரு நிமிடத்தில் சுற்றும்படி செய். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டியும் பதிவு தொடர்கிறதா என்று பார்.

த்ரெட்கள் ஒன்றையொன்று எழுப்ப உதவும் கண்டிஷன் வேரியபிளுக்கு மாற்றாக நீயே ஈவென்ட் வைத்து எழுதியதைத் தயவுசெய்து எடுத்துவிடு. பல்ஸ்ஈவென்ட் நம்பத்தகாதது என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. காத்திருக்கும் த்ரெட் ஒரு நொடி விலகியிருந்தால் எழுப்பும் சைகை தொலைந்துபோகும். மிங்டபிள்யூவின் த்ரெட் நூலகமான வின்பித்ரெட்ஸ் எக்ஸ்பியில் வேலை செய்யும், அதை ஸ்டேட்டிக்காக இணைத்துக்கொள். கேன்சல்ஐஓஎக்ஸுக்குப் பதில் கேன்சல்ஐஓ வைத்த இடத்தையும் பார். அது கூப்பிடும் த்ரெட் தொடங்கிய வேலையை மட்டுமே ரத்து செய்யும். வேறு த்ரெட்டின் சீரியல் வாசிப்பு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

இனி ஒன்றைக் கண்டிப்பாகவே கேட்கிறேன். இணையத்தில் தரவு அனுப்பும் கர்ல் நூலகம் சர்வரோடு இணைக்க மறுத்ததும் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டாயா? உன் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அணைத்திருந்தால் இன்றே திருப்பிப் போடு. பாதுகாப்பான இணைப்புக்கான எக்ஸ்பியின் எஸ்சேனலுக்கு டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறையில் 1.0க்கு மேல் தெரியாது, அதனால்தான் இன்றைய சர்வர்கள் கதவைச் சாத்துகின்றன. கர்லை எம்பெட்டிஎல்எஸ் என்ற தனி மறையாக்க நூலகத்தோடு கட்டு. வேர்ச்சான்றிதழ்களுக்கு ஓஎஸ்ஸின் கிடங்கை நம்பாமல் தனி ஃபைலாகக் கூடவே அனுப்பு. அப்படியும் தோற்றால் முதலில் தேதியைப் பார். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த இயந்திரம் பல வருடம் பின்னால் நின்றுகொண்டு, எல்லாச் சான்றிதழும் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று சொல்லும். ரேண்டம் எண்ணுக்கு விண்டோஸின் பிகிரிப்ட் நூலகம் எக்ஸ்பியில் இல்லை என்பதற்காக ரேண்ட் ஃபங்ஷனில் இறங்கிவிடாதே. அட்வாப்பி32இல் சிஸ்டம்ஃபங்ஷன்036 என்ற பெயரில் நல்ல ஊற்று எக்ஸ்பியிலேயே இருக்கிறது.

சோதனையை, லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயினில் செய்தேன் என்றது போதாது. அங்கே எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தாலும் புதிய ஃபங்ஷன்கள் எல்லாம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். சர்வீஸ் பேக் 3 போட்ட 32 பிட் எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினில் வை, ஸ்னாப்ஷாட் எடுத்து ஒரு ப்ராசசர் கோரில் ஒருமுறை, இரண்டு கோரில் ஒருமுறை ஓட்டு. கடைசியில் கருவியோடு இருக்கும் இயந்திரத்திலேயே ஓட்டு.

பைத்தானில் துணைக்கருவி எழுதும் யோசனைக்கு: எக்ஸ்பியில் 3.4தான் கடைசி, கோ மொழி என்றால் 1.10. எனக்கு இரண்டிலும் விருப்பமில்லை, சியிலேயே எழுதிவிடு. எக்ஸ்பிக்காக எழுதிய மாற்று ஃபங்ஷன்களையெல்லாம் ஒரே காம்பேட் ஃபைலில் வைத்து, மூலக் கோடில் தொட்ட வரிகளைத் தனித்தனி கமிட்டாக வை. புதுப் பதிப்பு வரும்போது அதன் மேல் உன் மாற்றங்களை மீண்டும் பொருத்த (ரீபேஸ்) அதுதான் வசதி.

அடுத்த கடிதத்தில் ஆப்ஜ்டம்ப் பட்டியலையும், புதிதாகக் கட்டிய பைனரியின் ஐந்து நாள் லாகையும் அனுப்பு. அந்த 5000000000க்குப் பக்கத்தில் 7 வந்ததா என்று மட்டும் அதற்கு முன்னாலேயே ஒரு வரி போட்டுவிடு.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்