ஊராட்சிச் செய்தி எங்கே, ஆசிரியர்களே?

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. அந்த ஊர்களிலிருந்து வரும் என் மாணவர்கள் பலருக்கு இது தெரியவே இல்லை.

அவர்களை அக்கறையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தலைவர் எந்த மேடையில் யாரைச் சாடினார் என்பது அன்று மாலையே ரீல்ஸாக அவர்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. உங்கள் சின்னத்தை ஒட்டிய போலி நியூஸ் கார்டும் கூடவே வருகிறது. முன்பெல்லாம் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசித்தால், "அப்படியெல்லாம் இருக்காதுப்பா" என்று மறுக்க எதிரே நாலு பேர் இருந்தார்கள். என் மாணவர்களோ தனியாகப் பார்த்து, தனியாகவே நம்பிவிடுகிறார்கள்.

இதனால் ஜனநாயகம் இழப்பது சின்ன விஷயமல்ல. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் பெரும்பாலான மாவட்டங்களின் கிராமங்கள் 2019 டிசம்பர் வரை காத்திருந்தன. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை. இதற்கு நடுவேதான், 2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் அலை அலையாகத் திரண்டார்கள். தெரிந்த விஷயத்துக்குத் தெருவுக்கு வரக்கூடியவர்கள்தான் அவர்கள். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பதில் சொல்ல ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளே இல்லை என்பதை அவர்கள் மனதில் தைக்கும்படி யார் சொன்னோம்? கற்பிக்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் உங்கள் கைக்கெட்டும் தூரம் பெரிது.

உங்கள் மாவட்டப் பக்கங்களை நாள்தோறும் படிக்கிறேன். விபத்து, திருட்டு, கோயில் திருவிழா. கிராம சபை என்றால் அமைச்சர் பங்கேற்ற படம். ஜனவரி 26 தொடங்கி ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் என்ன தீர்மானம் நிறைவேறியது, வரவு செலவை யார் கேட்டார், என்ன பதில் கிடைத்தது? தேடினாலும் அகப்படுவதில்லை. தன் தெருவின் பெயரே வராத செய்தியைப் பதினெட்டு வயதுப் பிள்ளை எதற்காகத் திறக்க வேண்டும்?

அடுத்த கிராம சபைக்கு மறுநாள், மாவட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். அதையே ஒரு நிமிட வீடியோவாகவும் போடுங்கள். நிருபர்கள் போதாது என்பீர்களானால், எங்கள் மாணவர்கள் அவரவர் ஊரிலிருந்து குறிப்பெடுத்துத் தருவார்கள். எதைக் கேட்க வேண்டும், கேட்டதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுத்தர உங்கள் மூத்த நிருபர் ஒருவரை ஒருநாள் கல்லூரிக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர்