முடி வளர்ந்த படம் சான்றாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமுடி எண்ணெய் விளம்பரங்களில் தவறாமல் வரும் 'முன்பு – பின்பு' படங்களை நம்பி வந்தவர்கள் பலரை, முப்பது ஆண்டுகள் மருந்துக்கடையில் நின்றவன் என்ற முறையில் பார்த்திருக்கிறேன். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து போன இரண்டு, மூன்று மாதங்களில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதும், பிறகு பெரும்பாலும் தானாகவே முளைப்பதும் இயல்பு. அந்த இடைவெளியில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் பெயர் எண்ணெய்க்கே போய்விடும்.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை வேறு வகை. பருவமடையும் முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் காட்டினார். விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஎச்டி என்ற ஹார்மோனே முடிவேரைப் படிப்படியாகச் சுருக்குகிறது. அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் பினாஸ்டிரைடு மாத்திரையை 1,553 ஆண்களிடம் சோதித்தபோது, இரண்டாண்டு முடிவில் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு முடியின் எண்ணிக்கை குறையவில்லை. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கும் குறையவில்லை. இந்த 28-ஐத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்களை மட்டும் படமெடுத்து வெளியிட்டால் சுண்ணாம்புக் கட்டிக்கும் நற்சான்று கிடைத்துவிடும்.

இரத்த அழுத்த மருந்தாக இருந்து, பக்கவிளைவாக முடி வளர்த்ததால் தலைக்கு வந்த மினாக்சிடிலும் இத்தகைய ஒப்பீட்டில் தேறியதுதான். ஆனால் தடவுவதை நிறுத்தினால் சில மாதங்களில் பலன் போய்விடும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. நானும் எல்லாரிடமும் சொன்னதில்லை. நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்கள் மிகுந்த பகுதியைப் பிரித்துத் தலையில் போடும் பிஆர்பி ஊசிக்கு இதுவரை உள்ளவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள்; ஊசிக்கான இரத்தத்தைப் பிரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பலனை ஒப்பிட்டு அளப்பது போலவே தீங்கையும் அளக்க வேண்டும். பினாஸ்டிரைடு சோதனைகளில் பாலுறவுச் சிக்கல்கள் 3.8 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரையில் 2.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. தற்கொலை எண்ணமும் இம்மருந்தின் பக்கவிளைவே என்று 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. ஆகவே மருத்துவரின் சீட்டில்லாமல் இதைக் கேட்டு வாங்குவது சரியல்ல.

வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையே தடுக்கிறது. அத்தகைய விளம்பரம் வரும்போது, எத்தனை பேரிடம், எதனுடன் ஒப்பிட்டுச் சோதித்தீர்கள் என்று தங்கள் விளம்பரப் பிரிவு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மதுரை.