காலரியில் ஏன் ஆளில்லை: நம்ம ஊர் செவன்ஸ் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் நம்ம ஊர் செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துப் போட்டியில், அரையிறுதி நடந்த ராத்திரி, இடைவேளையில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டது. "போனை நோண்டிக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கறவன் எல்லாம் ரசிகனே இல்லீங்க." நான் அந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தது உங்கள் ஆட்டத்தை. யூடியூபில் நேரலை போட்டிருந்ததும் நீங்கள்தான். அதனால் அந்தத் திட்டு காற்றில் ஒரு தடவை வந்தது, அரை நிமிடம் கழித்துப் போனில் இன்னொரு தடவை வந்தது.

மைதானத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு தென்னந்தோப்பு, அவ்வளவுதான். தை மாதத்துக் கிழக்குக் காற்று அடிக்கும்போது விசில் சத்தம்கூடத் தெளிவாக வரும். கோல் விழுந்தால் முதலில் ஊர் கத்தும். நான் போனைப் பார்ப்பேன். அதில் பந்து இன்னும் நடுக்கோட்டிலேயே உருண்டுகொண்டிருக்கும். இனி யார் அடிக்கப்போகிறார் என்பதுதான் பாக்கி. பந்துகளியை இதைவிடக் கேவலமாகப் பார்க்க ஒரு வழி கிடையாது. இருந்தும் அரை கிலோமீட்டர் நடந்து வராமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சரி, கேட்காமலே சொல்கிறேன்.

நான் காலரியில், ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கும் பலகை வரிசையில், வளர்ந்தவன். அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று எங்கே பந்து உருண்டாலும் கூட்டிப்போவார். நெல் அறுத்த வயலில் தாள் குத்தக் குத்தச் சம்மணம் போட்டுப் பார்த்த ஆட்டங்கள் எத்தனையோ. பெரியவனான பிறகும் விடவில்லை. 2019 மார்ச் 9ஆம் தேதி கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியில் பட்டம் வாங்கிய ஆட்டத்துக்கு ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போனோம். (இதைப் போலீஸ்காரர் யாரும் படிக்க வேண்டாம்.) மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணி கோகுலம் கேரளா அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. பட்டத்துக்குச் சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். எங்கள் வரிசையில் பாதிப் பேர் ஒரு கண்ணை மைதானத்திலும் மறு கண்ணைப் போனிலும் வைத்திருந்தார்கள். கடைசியில் சென்னை சிட்டி 3-1. எனக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை. போன் பார்க்கிறவன் ரசிகனா இல்லையா என்ற விசாரணையை அந்த வரிசையில் வைத்திருந்தால் நம் ஊரில் ஒருவர் தேறியிருக்க மாட்டார்.

இப்போது நம்ம மைதானத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் காலிறுதிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயசு, பள்ளிக்கூட டீமில் லெஃப்ட் விங். பாக்கு மரத்தையும் மூங்கிலையும் கயிறு போட்டுக் கட்டிய காலரி, எட்டு வரிசை. ஆறாம் வரிசையில் இடம் கிடைத்தது. நாங்கள் உட்கார்ந்த பலகையில் ஓர் ஆணி அரை விரல் நீளம் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் யாரோ முன்னாடியே நியூஸ் பேப்பரை நாலாக மடித்துக் குத்தி வைத்திருந்தார்கள். அதாவது ஆணி இருப்பது ஊருக்கே தெரியும், அடித்து மடக்கத்தான் ஆளில்லை.

முதல் கோல் விழுந்தது. எல்லாரும் எழுந்து குதித்தார்கள். காலரி முன்பக்கமாக ஒரு சாண் போய்த் திரும்பி வந்தது. ஊஞ்சல் ஆடுகிற மாதிரி. ஜனங்கள் அதற்கும் ஒரு ஓ போட்டார்கள். மகள் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பலகைச் சந்து வழியாகக் கீழே பார்த்தேன். தூசி கிளம்பாமல் இருக்கச் சாயங்காலம் லாரியில் கொண்டுவந்து தண்ணீர் அடித்திருந்தீர்கள். அந்தத் தண்ணீர் ஓடி வந்து காலரிக்கு அடியில் தேங்கி, முட்டுக் கொடுத்த மரம் சேற்றில் நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் விழுந்த கோல்களுக்கு நான் எழுந்திருக்கவில்லை. எதிரணி அடிக்கும்போது நிம்மதியாக இருந்தது, யாரும் குதிக்க மாட்டார்கள் என்று.

பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள், பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்தில் விழுந்து இறந்துபோனார் ஆர். தனராஜன். ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் ஆடிய நம்ம பாலக்காட்டுக்காரர். அவருடைய குடும்பத்துக்கு உதவுவதற்காக 2020 ஜனவரி 19ஆம் தேதி பாலக்காடு நூரணி மைதானத்தில் ஆட்டம் வைத்தார்கள். இந்திய அணியின் பழைய ஆட்டக்காரர்கள் ஐ.எம். விஜயன், பைச்சுங் பூட்டியா எல்லாம் வந்திருந்தார்கள். தற்காலிகக் காலரி சரிந்து ஐம்பது பேர் போல அடிபட்டார்கள். நல்ல காரியத்துக்கு வந்த கூட்டம் அது. அப்புறம் 2022 மார்ச் 19, மலப்புறம் ஜில்லா காளிகாவு பக்கம் பூங்கோடு: மழையில் ஊறிய மண், அளவுக்கு மேல் ஜனம், காலரி அப்படியே சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அங்கே மழை, இங்கே உங்கள் தண்ணீர் லாரி. மண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2025 பிப்ரவரி 18 அன்று அரீக்கோட்டுக்குப் பக்கத்தில் இறுதி ஆட்டத்துக்கு விட்ட வாணவெடி பார்வையாளர்கள் மேலேயே வந்து விழுந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிறகும் போன வருடம் நம்ம கார்னர் கொடிக்குப் பக்கத்தில் சரவெடி வைத்தீர்களே, அது எனக்கு விளங்கவே இல்லை.

அந்தக் காலிறுதிக்கே திரும்ப வருகிறேன். இரண்டாம் பாதி நடுவில் மகள் காதில் சொன்னாள், "அப்பா, பாத்ரூம் போகணும்." கமிட்டிப் பந்தலில் வந்து கேட்டேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன், சட்டென்று கையை நீட்டித் தோப்பைக் காட்டினார். அப்புறம் என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துவிட்டு நீட்டிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக்கொண்டார். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நாங்கள் வாய்க்காலைத் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். திரும்பி வரவில்லை. போகிற வழியில் பின்னால் ஊர் கத்தியது. யார் அடித்த கோல் என்று மகள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

நோட்டீஸில் "மகளிருக்குத் தனி இருக்கை வசதி" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பத்து பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஏழில் கமிட்டி வீட்டுக் குழந்தைகள். இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் சொன்னது: "பொம்பளைங்க வரக்கூடாதுன்னு போர்டு வெக்கலை, அவ்ளோதான்."

நேரக் கணக்கும் இருக்கிறது. நோட்டீஸில் ஏழரை மணி. அன்று பந்து உருண்டது ஒன்பது பத்துக்கு. செவன்ஸ் ஆட்டமே பாதிக்கு அரை மணி நேரம் வைத்து மொத்தம் ஒரு மணி நேரம்தான். அதற்கு முன் நூறு நிமிடம் பொன்னாடை. நகைக்கடைக்காரருக்கு ஒன்று, ஹாலோபிளாக் கம்பெனிக்காரருக்கு ஒன்று, போன வருடம் பொன்னாடை போர்த்தியவருக்கு இந்த வருடம் ஒன்று. அறிவிப்பு மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஒலிபெருக்கி இரைச்சலில் இரண்டுமே விளங்காது. ஆட்டக்காரர்கள் வார்ம்-அப் செய்து, வியர்த்து, வியர்வை காய்ந்து மறுபடியும் வார்ம்-அப் செய்தார்கள். மீனாட்சிபுரம் பக்கமிருந்து வந்த நாலு பையன்கள் கடைசி பஸ்ஸுக்காக முதல் பாதியிலேயே எழுந்து போனார்கள். வீட்டில் இருக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பொன்னாடை எல்லாம் தீர்ந்த பிறகு போனைத் திறந்தால் போதும்.

டிக்கெட் விலையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எண்பது ரூபாய் பெரிய காசு இல்லை, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டுவர ஆகிற செலவும் எனக்குத் தெரியும். ஆனால் காசு கேட்கிறவர் பேசும் பேச்சு முக்கியம். 2023 ஜனவரி 15, பொங்கல் நாள், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இந்தியாவும் இலங்கையும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் ஆடின. டிக்கெட்டுக்கான கேளிக்கை வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது, பட்டினி கிடக்கிறவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டாம் என்கிற அர்த்தத்தில் அப்போதைய கேரள விளையாட்டு அமைச்சர் அப்துரஹிமான் பேசினார். ஜனங்கள் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போல. கோலி ஆட்டமிழக்காமல் 166, இந்தியா 317 ரன்னில் வெற்றி, ஒருநாள் ஆட்டங்களில் அதுவரை யாரும் பெறாத பெரிய வெற்றி. கேமரா சுற்றும்போதெல்லாம் காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. பொங்கல், பரீட்சை, சபரிமலைக் கூட்டம் என்று பிறகு பல காரணம் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கலாம். எங்களுக்குத் திருவனந்தபுரம் எப்படியும் எட்டாத தூரம், நான் சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு டிவி முன்னால்தான் இருந்தேன். ஆனால் உங்கள் மைக் பேச்சைக் கேட்டதும் எனக்கு அந்தக் காலி நாற்காலிகள்தான் ஞாபகம் வந்தன.

ஜனங்களுக்கு வீட்டுச் சோபாவின் மேல் காதல் வந்துவிட்டது என்று நீங்கள் நம்புவதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவும் பிரான்சும். எல்லார் வீட்டிலும் டிவி இருந்தது, எல்லார் கையிலும் போன் இருந்தது. அப்படியும் வாசகசாலை முன்னால் பையன்கள் வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டர் வைத்த இடத்தில் நிற்க இடமில்லை. என் அம்மா வீட்டிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்தார். காற்றில் வேட்டி உப்பும்போது மெஸ்ஸியின் தொப்பை பெரிசாகும், எல்லாரும் சிரிப்பார்கள். 3-3 ஆகிப் பெனால்டிக்குப் போனபோது பிரேசில் ரசிகர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று சொன்னார்களோ அத்தனை மணிக்குத் தொடங்கியது. பெண்களுக்கு வாசகசாலைக் கழிவறையைத் திறந்து விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். செலவு என்று பார்த்தால் புரொஜெக்டர் வாடகையும் ஒரு பக்கெட் சுக்குக் காப்பியும். அன்று அங்கே இருந்த முகங்களில் பாதியை உங்கள் காலரியில் நான் பார்த்ததில்லை.

நேரலையை நிறுத்திவிட்டால் கூட்டம் தானாக வரும் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் காதில் விழுந்தது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். துபாயிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் நம்ம பையன்கள் அதில்தான் பார்க்கிறார்கள். எங்கள் அப்பாவும் அதில்தான் பார்க்கிறார். முட்டி தேய்ந்துபோய் அவரால் காலரி ஏற முடியாது. காதும் மந்தம். ஊர் கத்துவது அவருக்குக் கேட்காததால் நான் "கோல்" என்று வாய்தவறிச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அரை நிமிடம் கழித்துப் போனில் பந்து வலைக்குள் போகும்போது அவர் தொடையைத் தட்டிக் கத்துவார். எங்கள் வீட்டில் உங்கள் கோல்களை முழுசாக அனுபவிக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

இந்த வருடம் பெரிய ஏற்பாடு எதுவும் கேட்கவில்லை. வாடகைக்குக் கழிவறை வண்டி கோவையில் கிடைக்கிறது; இறுதி நாளன்று விடும் வெடிக்கான காசில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பினால் போதும். பொன்னாடையை இடைவேளைக்குத் தள்ளுங்கள், ஏழரை என்றால் ஏழரைக்குப் பந்தை உருட்டுங்கள். தண்ணீர் லாரியைக் காலரிப் பக்கம் விடாதீர்கள். என் மச்சான் சென்ட்ரிங் வேலை செய்கிறவர், முட்டு நிற்குமா நிற்காதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். காலரி கட்டுகிற அன்று சொல்லி அனுப்பினால் கூட்டிக்கொண்டு வருகிறேன், கூலி வேண்டாம். கையோடு சுத்தியலும் கொண்டுவருகிறேன். போன தடவைப் பலகைகளையேதான் மறுபடியும் போடுவீர்கள் என்று தெரியும். அந்த ஆணி ஆறாம் வரிசை, கமிட்டிப் பந்தல் பக்கத்திலிருந்து நாலாவது பலகை.

இப்படிக்கு,
வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் ஓட்டு வீட்டுக்காரன்