கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள கதிர்,

நாலு பேரும் முதல் ஆல்பத்துக்குத் தயாராகிவிட்டீர்கள், மேனேஜராக வருகிறவர் 25 சதவீதம் கேட்கிறார், நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்று தயங்குகிறீர்கள் என எழுதியிருந்தாய். "பீட்டில்ஸும் நண்பர்களாத்தானே ஆரம்பிச்சாங்க?" என்றும் கேட்டிருந்தாய். உண்மைதான். அதனால் அவர்கள் கதையிலிருந்தே பதில் சொல்கிறேன். பாடகர் ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோ வந்தார், குழு உடைந்தது என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் அந்தக் குழுவின் வரவு செலவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நாலு பேரைப் பிரித்ததில் பெரிய பங்கு, யோசிக்காமல் போட்ட கையெழுத்துகளுக்குத்தான்.

முதலில் உழைப்பு. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு தேவாலய விழாவில் 1957 ஜூலை 6 அன்று லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்தார். 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். அங்கே இரவு விடுதியில் வார நாளில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். கைவசம் இருக்கிற பாட்டெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்தவர் பாட்டைக் கற்றாக வேண்டும், இருப்பதை நீட்டியாக வேண்டும், ஒருவர் தொண்டை கட்டினால் இன்னொருவர் பாடியாக வேண்டும். அந்தப் பழக்கம் 1963 பிப்ரவரி 11 அன்று கைகொடுத்தது. காலை 10 மணிக்கு லண்டன் ஏபி ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவுக்குள் போனவர்கள், இரவு 10:45க்குள் 10 பாட்டை முடித்திருந்தார்கள். இரண்டே டிராக் டேப், அதாவது ஒலியைத் தனித்தனியாகப் பதிய இரண்டே தடம். லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கிற பாட்டு என்பதால் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, முதல் டேக்கிலேயே எடுத்தார்கள். இன்றும் ஆல்பத்தில் கேட்பது அதுதான். நீங்களும் ஸ்டூடியோ வாடகை ஓடும்போது பாட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாட்டின் கட்டமைப்பு, வேகம், சுருதி மூன்றும் வெளியிலேயே முடிவாகட்டும். குரலைப் பிழிகிற பாட்டைக் கடைசியில் வையுங்கள்.

டிரம்மரை மாற்றலாமா என்று நீங்கள் பேசுவதும் தெரியும். பீட் பெஸ்ட்டை 1962 ஆகஸ்டில் நீக்கி ரிங்கோ ஸ்டாரை எடுத்தார்கள். இசைக்கு அது சரியான முடிவு. ஆனால் அவரிடம் சொல்லும் வேலையை மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் தலையில் கட்டிவிட்டு மற்ற மூவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

மேடை அவர்களுக்கு ஏன் கசந்தது என்பது முழுக்க ஒலி சார்ந்த விஷயம். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம், 55,000க்கு மேல் கூட்டம். கிட்டாருக்கு 100 வாட் வாக்ஸ் ஆம்ப். குரல் போனது மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கியில். பாடுகிறவருக்குத் தன் குரலைத் திருப்பிக் காட்டும் மானிட்டர் கிடையாது. கூச்சலில் எதுவும் கேட்காமல், முன்னால் நிற்பவர்களின் உடல் அசைவைப் பார்த்தே ரிங்கோ தாளத்தைப் பிடித்தார். தன்னைத் தானே கேட்க முடியாத குழு வளர முடியாது. 1966 ஆகஸ்ட் 29இல் சான்பிரான்சிஸ்கோவோடு கச்சேரிப் பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஹால் சின்னதோ பெரியதோ, உங்கள் சவுண்ட் செக்கில் மானிட்டரை முதலில் சரிபாருங்கள், கூட்டத்துக்குப் போகும் ஒலியைப் பிறகு பார்க்கலாம்.

அதன் பிறகு ஸ்டூடியோவில் அவர்கள் செய்ததுதான் நான் அலுக்காமல் கேட்பது. கையில் இருந்தது நாலு டிராக். அது நிரம்பிவிட்டால் நாலையும் கலந்து, இன்னொரு டேப்பில் ஒன்றிலோ இரண்டிலோ இறக்கி, மிச்ச டிராக்கில் புதிதாக வாசிப்பார்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப்பின் இரைச்சல் கூடும். டிரம்மும் பேஸும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அதனால் எது பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதை அன்றைக்கே தீர்மானித்தார்கள். 'எ டே இன் த லைஃப்' பாட்டின் நடுவே 24 பார் (தாளச் சுற்று) வெறுமனே விட்டிருந்தார்கள். உதவியாளர் மால் எவன்ஸ் அதைச் சத்தமாக எண்ணினார், முடிவில் ஒரு அலாரம் அடித்தது. 1967 பிப்ரவரி 10 அன்று 40 வாத்தியக்காரர்கள் வந்தார்கள். உங்கள் வாத்தியத்தின் கீழ்க்கோடி ஸ்வரத்தில் மெதுவாகத் தொடங்கி, 24 பாருக்குள் மேல்கோடிக்கு ஏறுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஏற வேண்டாம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்தார்கள். அதற்கு டிராக் போதாததால், இரண்டாவது டேப் மெஷினை முதல் மெஷினோடு இணைத்து ஓட்டினார் பொறியாளர் கென் டவுன்சென்ட்.

பாட்டின் கடைசி ஈ மேஜர் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை, ஹெட்போனில் கேள். பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்தது. ஒலி தேயத் தேய, ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை மேலே ஏற்றிக்கொண்டே போகிறார் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக். 40 நொடிக்கு மேல் நீள்கிறது. கடைசி நொடிகளில் அறையே மைக்குக்குள் வந்துவிடுகிறது, ஏதோ கிரீச்சிடுவது காதில் விழும்.

1966இல் அதே எமெரிக் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை விதிமுறையை மீறி நெருக்கமாக வைத்தார். உங்கள் டிரம்மர் உள்ளே தலையணை வைக்கிறாரே, அதே வழிதான். ஒரே குரலை இரண்டு முறை பாடும் சிரமம் வேண்டாம் என்று லெனன் சலித்துக்கொண்டதால், குரலின் பிரதியைச் சில மில்லி நொடி தள்ளி ஓட்டும் முறையை டவுன்சென்ட் அமைத்தார். உன் மென்பொருளிலும் 'டபுளர்' என்ற பெயரில் அது ஒரு பட்டனாக இருக்கும். அவர்களுடைய செல்வாக்கை இசைத்தட்டு விற்பனையை வைத்து அளப்பதைவிட, இன்று வீட்டில் பாட்டுப் பதிகிறவர்களின் கைப்பழக்கத்தில் தேடுவது சரி என்பேன். நீ ஒன்று செய். ஒரு பாட்டையாவது நாலே டிராக்கில் முடித்துப் பார். டிரம்மும் பேஸும் ஒன்றில், கிட்டாரும் கீபோர்டும் ஒன்றில், குரல் ஒன்றில், நாலாவது உன் இஷ்டம்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படி.

1962இல் ஈ.எம்.ஐ. கொடுத்தது ஒரு சிங்கிள் தட்டுக்கு ஒரு பென்னி, அதுவும் நாலு பேருக்கும் சேர்த்து. அதிலும் எப்ஸ்டீனுக்குப் பங்கு உண்டு. வருமானம் ஏற ஏற அவர் கமிஷன் 25 சதவீதம் வரை போகும். அவர் நேர்மையானவர், அவர் இல்லாமல் அவர்கள் லிவர்பூலைத் தாண்டியிருப்பதே சந்தேகம். ஆனால் பீட்டில்ஸ் பெயரில் பொம்மை, விக், சட்டை விற்கும் உரிமையில் 90 சதவீதத்தை வெளி ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தார். 1967இல் ஈ.எம்.ஐ.யோடு போட்ட ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் அவர் நிறுவனத்துக்கு 25 சதவீதம் தொடரும்படி எழுதியிருந்தது. அந்த ஆகஸ்ட் 27இல் 32 வயதில் அவர் இறந்துபோனார். பங்கு நிற்கவில்லை. உன் மேனேஜரிடம் மூன்று கேள்வி கேள்: 25 சதவீதம் மொத்த வரவிலா, செலவு போன மிச்சத்திலா? அவர் விலகிய பின் எத்தனை மாதம் வாங்குவார்? அப்போது எவ்வளவு குறையும்?

அடுத்தது பாட்டு எழுதியவர் உரிமை. பதிவுக்கு ஒரு உரிமை, பாட்டுக்குத் தனி உரிமை. இரண்டையும் குழப்பாதே. லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளுக்காக 1963இல் தொடங்கிய நார்தர்ன் சாங்ஸ் நிறுவனத்தில் இருவருக்கும் தலா 20 சதவீதம், எப்ஸ்டீன் தரப்புக்கு 10. பதிப்பாளர் டிக் ஜேம்ஸுக்கும் அவர் கூட்டாளிக்கும் 50. அது 1965இல் பங்குச் சந்தைக்குப் போனது. 1969இல் ஜேம்ஸ் தரப்பு தன் பங்கை இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏ.டி.வி. நிறுவனத்துக்கு விற்றது. இவர்களால் அதை மீட்க முடியவில்லை. 1985இல் அது மைக்கேல் ஜாக்சன் கைக்குப் போனது. ஹாரிசன் நிலை இன்னும் மோசம். ஒரு ஆல்பத்தில் அவருக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று இடம்தான். தேங்கிய பாட்டுகளை 1970இல் மூன்று இசைத்தட்டு கொண்ட தனி ஆல்பத்தில் கொட்டித் தீர்த்தார். உங்களில் கீபோர்டு வாசிக்கிற பெண் எழுதுகிறாள் என்றாயே, அவளுக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள்.

ரிங்கோ 1968 ஆகஸ்டில் போய்த் திரும்பினார். ஹாரிசன் 1969 ஜனவரியில் போய்த் திரும்பினார். அந்தச் செப்டம்பரில் லெனன் விலகுவதாக உள்ளுக்குள் சொல்லிவிட்டார். 1970 ஏப்ரல் 10 அன்று வெளியே தெரிந்தது மெக்கார்ட்னி பெயரில், பழியும் அவர் மேல். நடுவில் பெரிய சண்டை மேனேஜர் யார் என்பதில். மற்ற மூவரும் அமெரிக்க மேனேஜர் ஆலன் கிளைன் என்றார்கள், மெக்கார்ட்னி தன் மனைவியின் தந்தையும் அண்ணனுமான ஈஸ்ட்மன்கள் என்றார். கிளைன் ராயல்டியை நன்றாகவே உயர்த்தித் தந்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1967இல் நால்வரும் போட்டிருந்த பத்து ஆண்டுக் கூட்டாண்மை ஒப்பந்தப்படி, தனியாகச் சம்பாதித்தாலும் பணம் பொதுக் கணக்குக்கே வரும். ஒருவர் விரும்பினால் கௌரவமாக வெளியே போக அதில் வழியில்லை. அதனால் 1970 டிசம்பர் 31 அன்று மெக்கார்ட்னி மூன்று நண்பர்கள் மேலும் வழக்குப் போட வேண்டியதாயிற்று. 1971 மார்ச்சில் நீதிமன்றம் ரிசீவரை, அதாவது கணக்கு வழக்கைப் பொறுப்பேற்கும் நிர்வாகியை, நியமித்தது. சட்டப்படி பிரிந்து முடிய 1975 ஜனவரி ஆனது.

ஆகவே உங்கள் தாளில் இவை இருக்கட்டும்: குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், விலகுகிறவருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, மேனேஜரை மாற்ற நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா, மூன்று பேர் போதுமா. ஒவ்வொரு பாட்டும் முடிந்த அன்றே எழுத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறித்து நால்வரும் கையெழுத்திடுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து.

பாட்டின் முன்மாதிரிப் பதிவான டெமோவையும் பத்திரமாக வை. எழுபதுகளில் லெனன் வீட்டில் கேசட்டில் பதிந்த 'நவ் அண்ட் தென்' பாட்டில், குரலும் பியானோவும் ஒன்றாக ஒட்டியிருந்தன, மின்சார ரீங்காரம் வேறு. 1995இல் மற்ற மூவரும் முயன்று கைவிட்டார்கள். குரலைத் தனியே பிரிக்கும் மென்பொருள் வந்த பிறகுதான் 2023 நவம்பர் 2 அன்று அது வெளியானது, லெனனும் ஹாரிசனும் இல்லாத காலத்தில். நீ டெமோ எடுத்தாலும் குரலுக்கு ஒரு மைக், வாத்தியத்துக்கு ஒரு மைக் என்று தனித்தனி டிராக்கில் எடு. கோப்பின் பெயரில் தேதி, வேகம், சுருதி எழுது. இரண்டு டிஸ்க்கில் வை, ஒன்று இங்கே வீட்டில் இருக்கட்டும்.

மேனேஜர் தருகிற வரைவை அப்படியே ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை யாரும் பேனாவைத் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
அம்மா